அச்சுக்குப் பணம் கட்டாத வாரம்

ஏப்ரல் பதினைந்தில் விசைப்படகுகள் கரையில் நின்றன.
அறுபத்தோரு நாள் தடை.
மீனுக்கு அது முட்டையிடும் காலம்,
எங்களுக்குக் கெடு.

முதுநகரில், உப்பனாற்றைப் பார்த்த
ஐஸ் ஃபேக்டரியின் மாடி அறை.
ஐந்து பேர், இரண்டு மின்விசிறி,
படகின் மீன்கிடங்கில் குளிர் எவ்வளவு என்று
அளந்து சொல்லப்போகும் ஒரு பெட்டி.
இன்னும் அது பெட்டியாகவில்லை.

வெள்ளைப்பலகையை அழுத்தித் துடைத்துவிட்டு
முபீனா கட்டம் போட்டாள்.
சர்க்யூட் பத்து நாள், சோதனை பத்து,
அச்சு வார்க்க இருபது,
படகுகளில் மாட்டப் பதினைந்து.
மிச்சம் ஆறு.
அதில் 'தெரியாதவை' என்று எழுதினாள்.
தெரியாததெல்லாம் ஆறு நாளில் அடங்கிவிடுமா என்று
செலஸ்தீன் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. நான் குழுத்தலைவி,
சம்பளப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.

வேகம் என்றால்
யாரும் சும்மா இருக்கக் கூடாது
என்று நினைத்திருந்தேன்.
யாரும் சும்மா இல்லை.
ஒரே நிரலைச் செலஸ்தீன் பகலில் எழுதினான்,
அதையே இளமுருகு இரவில் திருத்தி எழுதினான்,
ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒன்பது நாள்.
தினமும் காலையில் நின்றபடி ஒரு கூட்டம்.
'எல்லாம் போய்க்கிட்டிருக்கு மேடம்.'
எங்கே என்று நான் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள்
சோதிக்குப்பம் அஞ்சாப்புலியின் படகுக்குக் கொண்டுபோனோம்.
வலைக்கயிறு இழுத்துக் காய்த்த விரலால்
திரையைத் தொட்டார்.
மறுபடி தொட்டார்.
'என் விரலை இதுக்குப் பிடிக்கல.'
பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே:
'குளிரைக் கையை விட்டாலே தெரிஞ்சுக்குவேன்.
ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும், அதைச் சொல்லுமா?
இன்னொரு தடவை வலை விடலாமா,
திரும்பிடலாமா?'

திரும்பும் வழியில் ஆட்டோவில்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் பாதி போனபிறகு
ஞானசௌந்தரி சொன்னாள்:
'ரெண்டாவது நாளே பலகை மூலையில எழுதினேன்,
ஈரக் கைன்னா என்ன ஆகும்னு.
கட்டம் போடும்போது அழிச்சிட்டாங்க.'

மிச்சப் பெட்டிகள் கடகடவென்று போயின.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
எதை என்று தெரியாமல்.

திங்கட்கிழமை கோயம்புத்தூர் அச்சுப் பட்டறைக்கு
மூன்று லட்சத்து இருபதாயிரம் கட்ட வேண்டும்.
கட்டவில்லை.
எஃகில் வார்த்த தவறுக்கு ரப்பர் கிடையாது.
கடைத்தெருவில் நாற்பது ரூபாய்க்கு
பிளாஸ்டிக் டிபன் டப்பா பன்னிரண்டு வாங்கினோம்,
சூட்டுக்கோலால் ஓட்டை போட்டோம்,
திரையைப் பிடுங்கிவிட்டு
சைக்கிள் மணி அளவுக்கு ஒரு பொத்தான் வைத்தோம்.
இளமுருகு தன் நிரலைத் தானே அழித்தான்.
அன்று அவன் சாப்பிடவில்லை,
அதை நான் மறுநாள்தான் கவனித்தேன்.

ஐஸ் எப்படிக் கரைகிறது என்று பார்க்க
எங்கே போவது என்று யோசித்தோம்.
கீழே இறங்கினோம்.
மூன்று மாதமாக அதன் தலைமேல்தான்
உட்கார்ந்திருந்தோம்.
நொறுக்கும் இயந்திரத்தின் சத்தத்தில்
இரண்டிரண்டு பேராக, பதினோரு இரவு.
பார்த்தவரை ஒரே ஒரு விஷயம் நிச்சயமானது:
ஒரே எண்ணைச் சொன்னால் பொய்.

ஜூன் பதினான்கு நள்ளிரவு,
தயாரானவை ஏழு டப்பாக்கள்.
முப்பது என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன்.
அஞ்சாப்புலி பொத்தானை அழுத்தினார்.
'ஒம்பது மணி, பதினாலு மணின்னு ரெண்டு காட்டுது.
இதுல எது?'
'நடுவுல எங்கயோ, அண்ணே.'
என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.
டப்பாவைக் கயிற்றால் இன்னொரு சுற்றுக் கட்டினார்.

படகுகள் முகத்துவாரம் தாண்டின.
மாடியில் கணினித் திரையில் ஏழு புள்ளிகள்.
பலகையின் மூலையில்
'ஈரக் கை?' மறுபடி எழுதியிருந்தது,
சுற்றிலும் கட்டம் போட்டு, முபீனாவின் கையெழுத்தில்.
கோயம்புத்தூரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
அட்வான்ஸ் எப்போது?

நாலேகாலுக்கு ஒரு புள்ளி மறைந்தது.
பழுதா,
டவர் எட்டாத தூரமா?
செலஸ்தீன் எழுந்தான், உட்கார்ந்தான்.
இன்னும் ஆறு.